வேலை மாறும் உரிமையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுத் தொழிலாளரை முதலாளிமார் இலகுவாக வேலைக்கு எடுப்பதற்காகக் குடிவரவு விதிகளைத் தளர்த்த வேண்டும் என்ற குரல் பல நாடுகளில் கேட்கிறது. ஆட்களை அனுப்பும் இலங்கை மலையகத்தில் இருப்பவன் என்ற வகையில் நான் இதை எதிர்க்கவில்லை. தளர்வு முதலாளிக்கு மட்டுமா என்பதே என் கேள்வி.

எங்கள் தோட்ட லயத்து வரிசை வீடுகளிலிருந்து வளைகுடாவுக்குப் போய்த் திரும்பிய பெண்ணொருவர், மூன்று மாதம் சம்பளம் கிடைக்காத போதும் வேறு வீட்டில் வேலைக்குச் சேர முடியாமல் தவித்திருக்கிறார். விசா எசமானியின் பொறுப்பில். கடவுச்சீட்டு அவரது அலுமாரியில்.

எங்கள் பாட்டன்மார் இதை அறிவார்கள். ஆள் சேர்த்த கங்காணியின் கடனைத் தோட்டத் துரை எழுதிக்கொடுக்கும் ‘துண்டு’ என்ற சீட்டு இல்லாமல் தொழிலாளர் தோட்டம் மாற முடியாதிருந்த முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அப்படித் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் 1948இல் நாடற்றவர்களாக்கப்பட்டது தனிக்கதை.

வேலை மாற முதலாளியின் அனுமதிக் கடிதம் தேவையில்லை என 2020இல் சட்டத்தைத் திருத்திய கட்டார், மறு ஆண்டு மார்ச் முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 1000 றியாலாக்கியது. அது சமையலறை வரை எட்டுகிறதா என்பது வேறு விடயம். ஆட்களைக் கேட்கும் ஒவ்வொரு நாட்டுடனும் செய்யும் ஒப்பந்தத்தில் வேலை மாறும் உரிமையையும் கடவுச்சீட்டைத் தம்வசம் வைத்திருக்கும் உரிமையையும் எமது அரசு எழுதுவித்து, அதன் தமிழ்ப் பிரதியைப் பயணத்துக்கு முன்பே தொழிலாளியின் கையில் கொடுக்க வேண்டும்.

தோட்ட வாசகன்,
மஸ்கெலியா.