எட்டு எபிசோடும் பார்த்தாச்சு

அன்புள்ள குமாருக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான். மாடிக்கு வெள்ளை அடித்தாயிற்று. சித்தப்பா வீட்டு விவகாரம் உனக்குத் தெரிந்ததுதான், புதிதாக ஒன்றும் இல்லை. ராத்திரி வெறும் ராமென் நூடுல்ஸ் தின்றுவிட்டுப் படுக்காதே.

பேத்தி நித்யா காலேஜ் லீவுக்கு வந்திருந்தாள். அவள் வந்தால் டிவி அவளுடையது, எந்நேரமும் கொரிய நாடகம். அதில் ஒன்றை நானும் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். பேர் செமான்டிக் எரர், இரண்டு பையன்களுக்கு நடுவில் வருகிற காதல் கதை. உனக்குத் தெரிந்திருக்கும். பொங்கலுக்கு வந்தபோது நீயும் அவளும் திண்ணையில் இதைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் நடையைத் தாண்டுவதற்குள் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. உனக்கு எப்போதிருந்து கிரிக்கெட் பிடிக்க ஆரம்பித்தது என்று நான் கேட்கவில்லை.

ஆபீஸ் மனமகிழ் மன்றத்தில் வருஷா வருஷம் நாடகம் போட்டவன் நான். அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன், எழுதுவதும் அப்படித்தான். வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கதையை வீணாக இழுக்கவில்லை. 2022 பிப்ரவரியில் வாட்சா என்கிற அவர்கள் ஊர் இணையத் தளத்தில் வரத் தொடங்கியதாம். மொத்தமே எட்டு எபிசோடு, ஒவ்வொன்றும் அரை மணிக்கும் உள்ளே. கம்ப்யூட்டர் படிக்கிற சூ சாங்வூ குழுவாகச் செய்ய வேண்டிய ஒரு வேலையைத் தனியாளாகச் செய்து முடிக்கிறான். வேலை செய்யாதவர்கள் பேரையெல்லாம் அடித்துவிடுகிறான். அப்படி அடிபட்டதில் ஒருவன் டிசைன் படிக்கிற சீனியர் ஜாங் ஜேயங். அவனுக்குப் பட்டம் நின்றுபோகிறது, வெளிநாடு போகிற ஏற்பாடும் கெடுகிறது. முதல் எபிசோடிலேயே சண்டைக்குக் காரணம் வந்துவிட்டது பார். நம் ஆட்கள் ஹீரோவை அறிமுகம் செய்வதற்கே இரண்டு சீன் கேட்பார்கள்.

சாங்வூவாக நடித்த பையன் பார்க் ஜேசான். டிகேஇசட் என்று ஒரு பாட்டுக் குழுவில் பாடியவனாம், நித்யா சொன்னாள். நல்ல நடிப்பு. தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கறுப்புச் சட்டை, உட்கார்ந்தால் முதுகு வளையாது. தினமும் அதே இடம், அதே நேரம், மெஷினில் அதே காப்பி. சிரிக்கவே மாட்டேன் என்கிறான், ஆனாலும் அவன் என்ன நினைக்கிறான் என்று நமக்குத் தெரிகிறது. மேடையில் இதைச் செய்யச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு வராது, கையை ஆட்டிவிடுவார்கள்.

அவனைப் பார்க்கும்போது உன் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில் சயின்ஸ் புராஜெக்டில் ஒரு வேலையும் செய்யாத டாக்டர் மகன் பேரை விட்டுவிட்டு நீ எழுதிக் கொடுத்தாயே. ஹெச்.எம். கூப்பிட்டு என்னை நிற்க வைத்துப் பேசினார். அவர் முன்னால் உன்னைத் திட்டினேன். சைக்கிளில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, நீ பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தாய். அவ்வளவு நியாயம் பார்க்கிற பையன் வாரத்தில் ஒரு நாள் போன் பண்ணுவதென்றால் கணக்குப் பார்க்கிறாய். அதுவும் 'சாப்பிட்டியாப்பா, அம்மா எங்க' என்பதோடு சரி.

இனி குறைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் அந்த ஜேயங் பழிவாங்குகிறேன் என்று செய்வதெல்லாம் எனக்கு ஒப்பவில்லை. சாங்வூவுக்குச் சிவப்பு ஆகாது, அதனால் இவன் உச்சி முதல் உள்ளங்கால் வரை சிவப்பாக வருகிறான். அவன் இடத்தில் போய் உட்காருகிறான். மெஷினில் இருக்கிற காப்பியையெல்லாம் முதலிலேயே வாங்கிவிடுகிறான். நித்யா விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு பெண் பிள்ளையிடம் இப்படிச் செய்தால் சிரிப்பாயா என்று கேட்டேன். 'தாத்தா, அவன் மாறிடுவான் பாருங்க' என்றாள். மாறுகிறான்தான். ஆனாலும் தொந்தரவு செய்வதைக் காதலுக்கு முதல் படியாக வைப்பது நம் சினிமாவில் நாங்கள் பார்த்துச் சலித்த விஷயம். கடல் தாண்டிப் போயும் அது தப்பவில்லை.

அதற்கப்புறம் வருகிற பகுதிதான் நாடகத்திலேயே உயர்ந்தது. தொந்தரவு நின்றுபோன பிறகு சாங்வூவுக்கு நிம்மதி வருவதில்லை. எல்லாம் பழைய ஒழுங்குக்கு வந்துவிட்டது, அவனால்தான் முடியவில்லை. இதை அவன் யாரிடமும் சொல்வதில்லை. தன் புரோகிராமில் எங்கே பிழை என்று தேடுகிற மாதிரி தன்னையே தேடிக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கேம் தயார் செய்கிறார்கள். அந்த வேலையின் ஊடாகவே பிரியம் வளர்வதைக் காட்டியிருக்கிறார்கள். வில்லன் கிடையாது. சாங்வூ மேல் ஆசைப்படுகிற ஜூனியர் பெண் ஒருத்தி வருகிறாள். அவளைக்கூடக் கெட்டவளாக ஆக்கவில்லை. கொஞ்சம் கூடுதலாக எழுதியிருக்கலாம், பாவம், காரியம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள்.

முத்தக் காட்சி வந்தபோது அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, மொச்சைப் பயறும் முறமுமாக உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. எட்டு எபிசோடிலும் தேடிப் பார்த்தேன், கதைக்குள் ஒரு அப்பா இல்லை, ஒரு அம்மா இல்லை. வீட்டில் என்ன சொல்வார்கள் என்று இரண்டு பேரும் ஒரு நாள்கூட உட்கார்ந்து கவலைப்படவில்லை. காலேஜில் யாரும் முகம் சுளிப்பதில்லை. நித்யா சொல்கிறாள், இந்த வகை நாடகத்தில் அப்படித்தானாம், 2020இல் கொரியாவில் இது தொடங்கியதிலிருந்தே பெரும்பாலும் அப்படித்தானாம், பார்க்கிறவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று. இருக்கட்டும். ஆனால் பெற்றவர்களையே எடுத்துவிட்டு எழுதினால் கதாசிரியருக்கு வேலை மிச்சம். பையன்களுக்கு என்ன மிச்சம்? சாங்வூவின் அப்பா ஒரு காட்சியில் வந்து, ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தால்கூட நாடகம் இரண்டு மடங்கு கனம் பெற்றிருக்கும். அந்த வேஷத்தை நானே கட்டியிருப்பேன்.

வெளியே நிலைமை அப்படி இல்லையே. ஜேயங்காக நடித்தாரே பார்க் சோஹாம், கடைசி எபிசோடு வந்த 2022 மார்ச் 10ஆம் தேதிதான் அவர் ராணுவச் சேவைக்குப் போன நாள். ஊரெல்லாம் அந்தக் காதலைக் கொண்டாடுகிறது, அவர் அங்கே முடியை வெட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த ராணுவத்தின் குற்றச் சட்டத்தில் 92-6 என்று ஒரு பிரிவு, ஆணும் ஆணும் உறவு கொண்டால் தண்டனை. அது செல்லும் என்று 2023இல் அவர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் மறுபடி சொல்லியிருக்கிறது. மறு வருஷம் ஜூலை 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஒரே பாலினத்தவராகச் சேர்ந்து வாழ்கிறவர்களில் ஒருவருடைய தேசிய மருத்துவக் காப்பீட்டில் மற்றவரையும் சார்ந்தவராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று. கல்யாணத்தைச் சட்டம் இன்னும் ஏற்கவில்லை. நீ இருக்கிற நாடு என்பதால் இதையெல்லாம் படித்து வைத்துக்கொண்டேன். உன் காப்பீட்டு அட்டை செல்லுபடியில் இருக்கிறதா? விசாவைப் புதுப்பிக்கும் தேதியையும் எழுது.

பெற்றவர்கள் இல்லை என்று நான் புலம்பியதைக் கேட்டு நித்யா இன்னொன்றைப் போட்டாள். லவ் இன் த பிக் சிட்டி. 2024 அக்டோபரில் வந்தது. பார்க் சாங்யங் என்ற எழுத்தாளர் தன் நாவலைத் தானே திரைக்கதை ஆக்கியது. வெளிவருவதற்கு முன்பே எதிர்ப்பு கிளம்பி டிரெய்லரை இணையத்திலிருந்து எடுக்க வேண்டியதாயிற்றாம். இதுவும் எட்டு எபிசோடுதான். நான்கு டைரக்டர்கள், ஆளுக்கு இரண்டு. அதனால் நடையும் நாலு விதமாக இருக்கிறது, ஒருவர் பிடித்த சூட்டை அடுத்தவர் ஆறவிடுகிறார். குடி வேறு ரொம்ப அதிகம். அங்கே ஆபீஸ் பார்ட்டி என்றால் நீ ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள்.

ஆனால் இதில் ஒரு அம்மா இருக்கிறாள். சதா ஜெபம் என்று இருப்பவள். மகன் இன்னொரு பையனை முத்தமிட்டதைப் பார்த்துவிட்டு அவனை மனநல ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவள். பின்னால் அவள் புற்றுநோயில் படுத்தபோது கூட இருந்து பார்த்துக்கொள்வது அந்த மகன்தான். நாம் யுன்சு என்பவர் மகனாக நடித்திருக்கிறார். அவர் அம்மா முன்னால் ஒரு மாதிரி, வெளியே சிநேகிதர்களோடு ஒரு மாதிரி. கதவைத் தாண்டும்போது முகம் மாறிக்கொள்கிறது. அதை நான் கவனித்துப் பார்த்தேன். நன்றாகச் செய்திருக்கிறார் என்று எழுத வேண்டும்தான், எனக்குப் பார்க்க முடியவில்லை.

அம்மா மொச்சையை உரித்துக்கொண்டே, 'ஒரு வார்த்தை அவன்கிட்ட உட்கார்ந்து கேட்டா என்னவாம்' என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜாதக விஷயம். தென்காசித் தரகர் போன வாரம் வந்திருந்தார். இனிமேல் சுற்றில் விட வேண்டாம் என்று கையில் இருந்த நகலையெல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை. பெரியம்மா கேட்டால் பையனுக்கு அங்கே வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அதையே சொல். மூன்று வருஷமாக 'அப்புறம் பார்க்கலாம்ப்பா' என்று சொல்லிச் சொல்லியே ஓட்டினாய், அதுதான் எனக்கு வருத்தம். வேறு வருத்தம் இல்லை. எதையும் மறைத்துப் பழகாத பையனாகத்தான் உன்னை வளர்த்தோம்.

குளிருக்குத் தரையைச் சூடாக்கும் ஏற்பாட்டைச் செலவுக்குப் பயந்து அணைத்துவிடாதே. ராத்திரி ராமென் வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன். ஒரு கைப்பிடி சோறு வைத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? உன்னோடு தங்கியிருக்கிற பையனுக்குச் சமைக்கத் தெரியும் என்று நித்யா சொன்னாள். நல்லதுதான்.

ஏப்ரலில் அங்கே தேஜானில் செர்ரி பூக்கும் என்று நீ முன்பு எழுதியிருந்தாய். அப்போது நாங்கள் இரண்டு பேரும் வரலாம் என்று அம்மா சொல்கிறாள். பாஸ்போர்ட் இருக்கிறது, விசாவுக்கு நீ அனுப்ப வேண்டிய காகிதம் என்னென்ன என்று எழுது. ஓட்டல் வேண்டாம், வீண் செலவு. உன் அறையில் எத்தனை பேர் படுக்கலாம்? எங்களுக்குத் தரையே போதும். நாங்கள் வருகிறோம் என்று அந்தப் பையனை வேறு எங்கேயும் போய் இருக்கச் சொல்லாதே.

அன்புடன்
அப்பா