கால் நின்ற இடமும் கை செய்த வேலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உலகப் புகழ்பெற்ற புகைப்படக்காரர்களின் பாணியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். புகைப்படத்துக்கு இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. இருபது வருடங்களுக்கு மேல் இருட்டறையில் நின்று, மற்றவர்கள் எடுத்த நெகட்டிவ்களுக்கு, அதாவது வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிந்த ஃபிலிமுக்கு, தாளில் பிரிண்ட் போட்டவன் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுரை முழுக்க 'பார்வை' என்ற சொல்தான். இவருக்கு அபூர்வமான பார்வை, அவருக்குத் தனித்துவமான பார்வை. கடைசியில், அந்தப் பாணியைக் கைபேசியில் கொண்டுவர எந்த ஃபில்டர் போடலாம் என்று ஒரு பெட்டிச் செய்தி. படித்து முடிக்கும்போது, பாணி என்பது பிறவியிலேயே கண்ணுக்கு வாய்ப்பது, இல்லாவிட்டால் படத்தின் மேல் பூசிக்கொள்வது என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. நான் பார்த்தவரை, எடுப்பவர் எங்கே போய் நின்றார் என்பதில் பாணி பாதி முடிவாகிவிடும். மீதி, அப்புறம் கையால் செய்யும் வேலை.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோனை 'தீர்மானமான கணம்' (காட்சியில் எல்லாம் ஒன்றாகக் கூடிவரும் நொடி) என்ற ஒரே தொடரில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்தக் கணத்தைப் பிடிக்க அவர் எதையெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கினார் என்பதையும் சொல்லியிருக்கலாம். சின்ன லைக்கா கேமரா, அதன் பளபளப்பான பாகங்களை மறைக்கக் கறுப்பு டேப், பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸ், பிளாஷ் கிடையாது. 50 மி.மீ. லென்ஸ் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துத் தராது, பக்கத்தில் இருப்பதை விரித்தும் காட்டாது. கேமராவைப் படுக்கையாகப் பிடித்து ஓர் ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க வேண்டுமானால் மூன்றரை மீட்டராவது தள்ளி நின்றாக வேண்டும். வருடக்கணக்கில் அதையே வைத்திருந்தால் அந்தத் தூரம் காலுக்குப் பழகிவிடும். நானும் ஒரு வருடம் வேறு லென்ஸைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து 50 மி.மீ.யோடு அலைந்திருக்கிறேன். முதல் சில மாதங்களில் எந்தச் சுருளை டெவலப் செய்தாலும் யாருடைய பாதமோ வெட்டுப்பட்டிருக்கும். வருடம் முடியும்போது, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே கால் தானாக ஓரடி பின்னால் போய் நின்றது. அன்றைக்குத்தான் அவருடைய படங்கள் எனக்குப் புரியத் தொடங்கின.

பிரான்சில் இயேர் நகரத்தில் 1932-ல் அவர் எடுத்த சைக்கிள் படத்தை நீங்கள் வெளியிட்டிருக்கிறீர்கள். மேலேயிருந்து பார்க்கிறோம். படிக்கட்டும் அதன் கம்பியும் சுழன்று கீழே இறங்குகின்றன. தெருவில் ஒருவர் சைக்கிளில் கலங்கலாகக் கடந்து போகிறார். அந்தச் சுழல்தான் நம் கண்ணை இழுத்துக்கொண்டுபோய்ச் சைக்கிள்காரரிடம் விடுகிறது. உங்கள் இதழில் பத்தி அகலத்துக்காகப் படிக்கட்டின் ஒரு பகுதியை வெட்டிவிட்டார்கள். சுழல் போன பிறகு அங்கே மிச்சம் இருப்பது சைக்கிளில் போகும் ஒருவர், அவ்வளவுதான். தன் படத்தை யாரும் வெட்டுவதை அனுமதிக்காதவர் அவர். நெகட்டிவ் முழுதாக வந்திருக்கிறது என்று தெரிவதற்காகச் சுற்றிலும் மெல்லிய கறுப்பு ஓரம் விட்டு அச்சிடுவது வழக்கம்.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாரிஸின் செயிண்ட் லசார் ரயில் நிலையத்தின் பின்னால் ஒருவர் தேங்கிய தண்ணீர் மேல் தாவும் படம், அதே 1932-ல் எடுத்தது, அதை அவரே வெட்டியிருக்கிறார். வேலிப் பலகைகளுக்கு இடையே லென்ஸை வைத்து எடுத்ததால் ஓரத்தில் பலகை மறைத்துவிட்டது. அர்னால்ட் நியூமன் 1946-ல் எடுத்த, இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படமோ வெட்டியதால்தான் அந்தப் படமாகவே ஆனது. நெகட்டிவில் நிறைய வெற்றுச் சுவர் இருந்தது. அதைக் கழித்ததும் பியானோ மூடி ராட்சத இசைக்குறி போல எழுந்து நின்றது, இசையமைப்பாளர் ஒரு மூலைக்குப் போனார். ஆனால் அங்கே கத்தரி நியூமன் கையில் இருந்தது.

டயான் ஆர்பஸ் பற்றி 'விசித்திர மனிதர்களைத் தேடிப் போனவர்' என்று எழுதியிருப்பது எனக்கு வருத்தம். 1962 வாக்கில் அவர் 35 மி.மீ. ஃபிலிம் போடும் சின்னக் கேமராவை விட்டு, சதுரப் படம் தரும் இரட்டை லென்ஸ் கேமராவுக்கு மாறினார். அதை நெஞ்சுக்குக் கீழே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். எடுப்பவரின் முகத்தைக் கேமரா மறைக்காது. எதிரே நிற்பவர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கலாம். அந்தப் படங்களில் இருப்பவர்கள் நம்மை நேருக்கு நேர் பார்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அப்புறம், பட்டப்பகலிலும் பிளாஷ் போடத் தொடங்கினார். ஆள் பின்னணியிலிருந்து பிய்த்துக்கொண்டு முன்னால் வந்தார். பொம்மைக் கையெறிகுண்டோடு பூங்காவில் நிற்கும் சிறுவனின் படம் எல்லோருக்கும் தெரியும். ஒரு சுருளின் படங்கள் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரே தாளில் வரும் கான்டாக்ட் ஷீட்டில், அதன் பக்கத்துக் கட்டங்களைப் பாருங்கள், சாதாரணமாகக் குறும்பு செய்துகொண்டிருக்கும் பையன். முகம் இறுகிய அந்த ஒரு கட்டத்தை அவர் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுப்பதும் பாணிதான்.

சரி, கைக்கு வருகிறேன். ஆன்செல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1 மாலை நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் காரில் கடந்துகொண்டிருந்தார். மேலே நிலா, கீழே கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில். 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவைப் பொருத்தி வைத்தாயிற்று, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரைக் காணவில்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. கட்டுரை இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறது. எனக்கு இங்கேதான் கதை தொடங்குகிறது. நெகட்டிவின் கீழ்ப்பகுதி மெலிந்திருந்தது, அதாவது அங்கே படம் போதிய அடர்த்தியில்லாமல் பதிந்திருந்தது. சில வருடங்கள் கழித்து அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து அடர்த்தி ஏற்றினார். ஆரம்பகாலப் பிரிண்ட்களில் வானம் சாம்பல் நிறம், மேகக் கீற்றுகள் நன்றாகத் தெரியும். பிற்காலப் பிரிண்ட்களில் அதே வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. இளமையில் பியானோ பயின்றவர் அவர். நெகட்டிவ் இசைக்குறிப்பு மாதிரி, பிரிண்ட் அதை வாசிப்பது மாதிரி என்று சொல்வார்.

அந்த வாசிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரின் வெளிச்சம் தாளில் விழுந்துகொண்டிருக்கும். படத்தில் உள்ள முகம் கறுத்துவிடாமல் இருக்க, கம்பி நுனியில் ஒட்டிய சின்ன அட்டை வட்டத்தை அதற்கு மேலே பிடித்து, நிற்காமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விநாடி அசைக்காமல் விட்டாலும் முகத்தைச் சுற்றி வெளிறிய வளையம் விழுந்துவிடும். வானம் கறுக்க வேண்டுமானால் மற்ற பகுதியை உள்ளங்கையால் மறைத்து, மேலே மட்டும் இன்னும் பத்து, பதினைந்து விநாடி வெளிச்சம் காட்ட வேண்டும். பிறகு சிவப்பு விளக்கில், படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் ரசாயனத் தட்டை ஆட்டிக்கொண்டு காத்திருப்போம். சரியாக வரவில்லை என்றால் அடுத்த தாள். ஒரு நெகட்டிவுக்கு ஒரு நாள் முழுக்கப் போன நாட்கள் எனக்கு உண்டு. ஹாங்காங்கின் ஃபான் ஹோ 1954-ல் எடுத்த புகழ்பெற்ற படத்தில், சுவர் ஓரம் நிற்கும் பெண்ணை நோக்கிச் சாய்வாக இறங்கும் நிழலே இருட்டறையில் சேர்த்ததுதான். இதைச் சொன்னால் சிலர் ஏமாற்று வேலை என்கிறார்கள். எனக்கு அவர்மீது மதிப்பு கூடத்தான் செய்கிறது.

டைடோ மொரியாமாவின் கரடுமுரடான படங்களுக்கு, ஃபிலிமின் புள்ளிகளைப் போலக் காட்டும் 'கிரெயின் ஃபில்டர்' போடச் சொல்லியிருக்கிறீர்கள். கையடக்கக் கேமராவோடு, பல நேரம் வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்காமலே, தெருத்தெருவாக நடந்து எடுத்தவர் அவர். ஆட்டமும் கலங்கலும் அந்த நடையில் வந்தவை. நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த படத்தின் மேல் புள்ளிகளைத் தூவினால் புள்ளிகள்தான் கிடைக்கும்.

என் வேண்டுகோள் இரண்டு. இந்தத் தொடர் இன்னும் வருமானால், அந்த ஃபில்டர் பெட்டிக்குப் பதிலாக, படம் எந்த லென்ஸில், எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கப்பட்டது, பிரிண்டில் என்ன செய்தார்கள் என்பதை, உறுதியாகத் தெரிந்த வரைக்கும், நாலு வரியில் போடுங்கள். புதிதாகக் கேமரா வாங்கியிருக்கும் பிள்ளைகள் அதைத்தான் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள். அப்புறம், இயேர் சைக்கிள் படத்தை அடுத்த இதழில் ஒருமுறை முழுதாக அச்சிடுங்கள். கால் பக்கத்தில் சின்னதாக வந்தாலும் போதும், படிக்கட்டு முழுதாக இருக்கட்டும்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்