வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சித்திரைக் கவியரங்கம், குழந்தைகளுக்கான திருக்குறள் போட்டி மூன்றும் வழக்கம்போல் நடந்தன. பனிப்பொழிவால் சில மாதக் கூட்டங்கள் தள்ளிப்போயின.

இந்த ஆண்டு புதிதாகச் செய்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாரதியின் ‘மாஜினியின் பிரதிக்கினை’யை எத்தனையோ முறை மேடையில் வாசித்திருக்கிறோம். இத்தாலியின் விடுதலைக்குப் போராடிய அந்த மாஜினிக்கு நம் நியூயார்க்கிலேயே, சென்ட்ரல் பார்க்கில் சிலை இருக்கிறது. அவர் பிறந்த ஜூன் 22-ஐ ஒட்டிய ஞாயிறன்று அங்கே போய்ப் பாட்டை வாசிப்பது என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

‘இத்தாலிக்காரர் சிலைக்கு நாம் ஏன் போக வேண்டும்?’ என்று பிறகு சிலர் கேட்டார்கள். 1831-ல் நாடுகடந்து மார்செய் நகரில் இருந்தபோது மாஜினி தொடங்கியது ‘இளைய இத்தாலி’ சங்கம். அதில் சேருவோர் எடுத்த உறுதிமொழியைத்தான் பாரதி தமிழில் பாட்டாக்கினார். எழுத்தை நம்பியே போராடி, வாழ்நாளில் பெரும்பகுதியை அயல்நாட்டில் கழித்தவர் மாஜினி. புதுச்சேரியில் 10 ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்த நம் கவிஞருக்கு அவர் அந்நியர் அல்லர்.

67-ஆம் தெரு வாசலில் நுழைந்தால் மேற்குச் சாலை ஓரமாக நிற்கிறது சிலை. ஜியோவான்னி தூரினி வடித்த மார்பளவு வெண்கலச் சிலை. பீடத்தில் ‘சிந்தனையும் செயலும்’, ‘கடவுளும் மக்களும்’ என்று இத்தாலிய மொழியில் பொறித்திருக்கிறார்கள். சைக்கிள்கள் விர்ரென்று கடந்துபோக, நம் பள்ளி மாணவி ஒருத்தி தாளைப் பார்க்காமலே பாட்டை முழுதும் சொன்னாள். பிறகு புல்வெளியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம்.

வாட்ஸப்பில் பெயர் கொடுத்தவர்கள் 31 பேர். வந்தவர்கள் 9 பேர். வெயில், பார்க்கிங் என்று மறுநாள் காரணங்கள் வந்தன. 1878 மே 29-ல் இதே சிலையைத் திறந்தபோது அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கல்லன் பிரையன்ட் 83 வயதில் வந்து உரையாற்றினார். அன்றே கீழே விழுந்து அடிபட்டு, ஜூன் 12-ல் காலமானார். யாரும் உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம். வர இயலாது என்று முதல் நாளே ஒரு வரி போட்டிருக்கலாம்; வாங்கிய சாப்பாடு மிஞ்சியிருக்காது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். மண்டப வாடகை கூடியது, கையிருப்பு குறைந்தது. பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. இளைய இத்தாலியின் விதிகளிலேயே உறுப்பினர் மாதம் 50 சென்டிம் (அரை பிராங்க்), வசதியுள்ளவர் அதற்கு மேல் தர வேண்டும் என்று இருந்தது. உயிரைப் பணயம் வைத்து வந்தவர்களிடமும் மாஜினி சந்தா கேட்டார். கேட்காமல் சங்கத்தின் பத்திரிகை அச்சேறியிருக்காது.

தலைவர், பொருளாளர், சமைத்துத் தந்த சகோதரிகள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, இதே தூரினி செய்த, இத்தாலிய விடுதலைப் படைத்தலைவர் கரிபால்டியின் சிலைக்கு, நியூயார்க்கிலேயே உள்ள வாஷிங்டன் சதுக்கத்துக்குப் போக எண்ணம். பொறுப்பை வேறு யாரேனும் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். நானே தொடர வேண்டுமென்றால், துணைக்கு இரண்டு இளைஞர்கள் வேண்டும். பாக்கிச் சந்தா டிசம்பருக்குள் வந்தால்தான் பொங்கலுக்கு மண்டபம் பதிவு செய்ய முடியும்.

இப்படிக்கு,
செயலாளர்