மங்கலான படத்தை நோயற்ற கண்ணாகக் கணக்கிடாதீர்கள்

நீரிழிவு நோயாளர்களுக்கான விழித்திரைப் பரிசோதனைத் திட்டங்களை வகுத்து நடத்தும் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

விழித்திரைப் படங்களைப் பார்த்து, நீரிழிவால் அங்கு ஏற்படும் நோயின் நிலையைத் தரம் பிரிக்கும் பணியில் இருப்பவள் நான். எவ்வளவு முயன்றாலும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதபடி மங்கலாக வந்து சேரும் படங்கள் குறித்தே இம்மடலை எழுதுகிறேன். அத்தகைய படத்தில் நோயின் அறிகுறி தென்படாததும், கண்ணில் நோயே இல்லாததும் ஒன்றல்ல. ஆயினும், பதிவேட்டில் "நோய் உண்டு", "நோய் இல்லை" என்னும் இரண்டே கட்டங்கள் இருந்தால், இப்படங்கள் எளிதாக இரண்டாவது கட்டத்திற்குள் போய்விடுகின்றன.

நோயின் தொடக்கத்தில் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் தோன்றும் புடைப்புகள் பொதுவாக 125 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த அளவுடையவை. சிறு செம்புள்ளிகளாகத் தெரியும் அவற்றை மறைக்க லேசான மங்கலே போதும். எந்தக் கண்களில் இந்த மங்கல் மிகுதி என்பது இன்னும் கவலைக்குரியது. நீரிழிவு கண்புரையை முன்கூட்டியே கொண்டுவருகிறது. நெடுங்காலம் நீடித்தால் நரம்புகளைப் பாதித்து, இருட்டறையிலும் கண்பாவை போதிய அளவு விரியாதபடி செய்துவிடுகிறது. இரண்டுமே படத்தை மங்கலாக்குபவை. ஆகவே, படம் சரியாக அமையாத கண்களில் பல, நோய் முற்றியிருக்க வாய்ப்புள்ள கண்களே. அந்த நோயாளியிடம் "குறையில்லை" என்று எழுதிய தாளைக் கொடுத்தனுப்புவது, பரிசோதிக்காமலே விடுவதைவிடக் கேடானது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்; பரிசோதிக்கப்படாதவருக்குத் தம் கண்ணைப் பற்றிய ஐயமாவது மிஞ்சியிருக்கும்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. இங்கிலாந்தின் தேசியத் திட்டம், சொட்டு மருந்திட்டுக் கண்பாவையை விரித்து, ஒவ்வொரு கண்ணிலும் 45 பாகைப் பரப்புள்ள இரண்டு படங்களை எடுப்பதை நடைமுறையாக்கியது. அப்போதும் படம் தெளிவாக அமையாதவர்களை கண்ணுக்குள் ஒளிக்கீற்றைப் பாய்ச்சிப் பெரிதாக்கிப் பார்க்க உதவும் ஸ்லிட் லேம்ப் கருவியால் நேரடியாகப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணமாக இருந்த நீரிழிவு விழித்திரை நோய், 2009-10ஆம் ஆண்டுப் பதிவுகளில் அந்த இடத்தில் இல்லை. சிகிச்சையின் முன்னேற்றமும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் எவரையும் பாதியில் விட்டுவிடாத பரிசோதனை முறைக்கும் அதில் பங்குண்டு என்றே நம்புகிறேன்.

தெளிவான படத்திற்கும் எல்லை உண்டு. விழித்திரை மையத்தின் வீக்கம் தட்டையான படத்தில் நேரடியாகத் தெரிவதில்லை. மஞ்சள் நிறக் கொழுப்புப் படிவுகளைக் கொண்டு நாங்கள் அதை ஊகிக்கிறோம். 1991இல் அறிமுகமான ஓசிடி ஸ்கேன்தான் விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டி, அதன் தடிமனை மைக்ரான் கணக்கில் அளந்து தருகிறது.

இப்போது சில இடங்களில் படங்களைக் கணினி மென்பொருளே தரம் பிரிக்கிறது. மருத்துவர் பார்க்காமலே முடிவு சொல்லும் அத்தகைய முதல் மென்பொருளுக்கு அமெரிக்கா 2018இல் அனுமதி அளித்தது. படத்தின் தரம் போதாவிட்டால் அதையே முடிவாக அறிவிக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே, எந்த மென்பொருளை வாங்குவதற்கு முன்பும், அதன் துல்லியம் தெளிவான படங்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்டதா என்று கேளுங்கள்.

பதிவேட்டில் "தரம் பிரிக்க இயலாதது" என்னும் மூன்றாவது கட்டத்தைச் சேர்க்க வேண்டுகிறேன். அதில் இடம்பெறும் ஒவ்வொருவருக்கும் சொட்டு மருந்திட்டு மீண்டும் படமெடுக்கவும், அதுவும் பயன்படாதபோது குறித்த காலத்திற்குள் கண் மருத்துவரிடம் அனுப்பவும், அவர் அங்கு சென்று சேர்ந்தாரா என்பதைப் பதிவுசெய்யவும் ஆணை பிறப்பியுங்கள்.

இப்படிக்கு,
விழித்திரைப் படங்களைத் தரம் பிரிக்கும் ஒரு பணியாளர்