செயலாளர் ஆண்டறிக்கை: ஆடு வளர்ப்போர் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே (வராதவர்கள் பிறகு வாங்கிப் படித்துக்கொள்ளட்டும்),

இந்த ஆண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. அதில் இரண்டு முறை தலைவர், பொருளாளர், நான், மூன்றே பேர். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி முகாமும் குடற்புழு நீக்க முகாமும் நடந்தன. மழைக்கு முன் துள்ளுமாரி நோய்க்கான ஊசியும் போடப்பட்டது. ஊசிக்கு வராத இரண்டு கிடைகளில், மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை மேய்ந்த குட்டிகள், அதுவும் கொழுத்ததாகப் பார்த்து, செத்து விழுந்தன. அதற்கும் என்னைத்தான் கேட்டார்கள்.

அப்புறம், பொலிகிடா, அதாவது இனவிருத்திக்கு விடும் ஆண் செம்மறி. இது நான் கொண்டுவந்த திட்டம், மறைக்கவில்லை. சொந்தக் கிடையில் பிறந்த கிடாவையே விட்டு, அப்பன் மகள் பாராமல் சேர்த்துச் சேர்த்து, நம் குட்டிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் மூன்று வாரம் அலைந்தும் தோதான கிடா அமையவில்லை. கடைசியில் நாகலாபுரம் பக்கம் ஒரு கிடையில் பிடித்தோம். வெள்ளை உடம்பில் செம்பொட்டு சிதறிய, காது தொங்கின, அசல் வேம்பூர்க் கிடா.

ஒரு கிடைக்கு 45 நாள் என்று முறை வைத்தேன். பெட்டை 17 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். இரண்டு சுற்றுக்கு அது போதும். கிடாவின் நெஞ்சில் எண்ணெயில் குழைத்த காவியைப் பூசிவிட்டால், சேர்ந்த பெட்டையின் பின்பக்கம் காவி ஒட்டியிருக்கும். 17 நாள் கழித்துத் துணிக்குப் போடும் நீலத்துக்கு மாற்ற வேண்டும். காவிக்கு மேல் நீலமும் ஏறியிருந்தால் முதல் தடவை சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதை வீடு வீடாகப் போய்ச் செய்து காட்டினேன். முதல் இரண்டு கிடைகளில் பிறந்த குட்டிகளை நீங்களே பார்த்தீர்கள்.

கிடாவை மூன்றாவதாக வாங்கிப்போன உறுப்பினர் (பெயர் வேண்டாம், இங்கே வரவும் இல்லை) நான்கு மாதம் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது விலா எலும்பை எண்ணலாம், முன்னங்காலில் நொண்டல். முறைக்குக் காத்திருந்த இருவர் பொறுக்காமல் மேச்சேரிக் கிடாவை விட்டுவிட்டார்கள். மேச்சேரித் தோலுக்கு உள்ள பெயர் எனக்கும் தெரியும், அது சேலம் பக்கத்து ஆடு. நாம் இப்படியே கலந்துகொண்டு போனால் வேம்பூர்ப் பொட்டு ஆடு என்று காட்ட இந்தக் காட்டில் எது இருக்கும்?

வரவு செலவு விவரம் பொருளாளரின் நோட்டில் உள்ளது. சுருக்கமாகச் சொன்னால், வரவு கிடா வாங்கியதிலும் அதன் தீவனத்திலும் போயிற்று. கையிருப்பு பேருக்கு இருக்கிறது. சந்தா பாதிப்பேருக்கு மேல் பாக்கி. கிடாவை மட்டும் முறை தவறாமல் கேட்கிறார்கள்.

முகாமுக்கு வந்த கால்நடை மருத்துவருக்கும், பந்தல் போட்டவருக்கும், தேநீர் தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை இளையவர் யாராவது எடுத்துக்கொண்டால் சந்தோஷம்தான். இல்லை, நானே இருக்க வேண்டுமென்றால் அதையும் சபை சொல்லட்டும். எப்படியானாலும் இன்னொரு கிடா வாங்கியாக வேண்டும். இந்தக் கிடாவின் பெண்குட்டிகள் பருவத்துக்கு வரும் முன்பு இதை அந்தக் கிடைகளிலிருந்து மாற்றாவிட்டால் பழைய கதைதான்.

கிடா இப்போது என் தொழுவில் நிற்கிறது, கால் தேறிவிட்டது. காலையில் அதற்கு ஊறவைத்த கம்பு வைக்கும் நேரம் நான் வீட்டில்தான் இருப்பேன். சந்தா தருகிறவர்கள் அப்போது வரலாம், ரசீதுப் புத்தகமும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்