சேமிக்கத் தெரியாதவர்களா நாங்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் புத்தகப் பகுதியை நான் தவறவிடுவதில்லை. அதற்குத் தொழில் காரணமும் உண்டு. ஹட்டனில் சிறிய புத்தகக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். நீங்கள் எதைப் பாராட்டி எழுதினாலும் செவ்வாய், புதன் அளவில் அதைக் கேட்டு யாராவது வந்துவிடுவார்கள். அண்மையில், இளைஞர்கள் கட்டாயம் படிக்க வேண்டியவை என்று வியாபாரம், முதலீடு, மனம், விஞ்ஞானம் பற்றிய புத்தகங்களை வரிசைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அதை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் கடைசிப் பந்தியைக் கத்தரித்துவிட்டுத்தான் ஒட்டினேன். மலையக மக்களிடம் சேமிக்கும் பழக்கம் இல்லை, அந்த மனநிலை மாறினால் வறுமை தானாகப் போய்விடும் என்ற கருத்தில் எழுதியிருந்த பந்தி அது. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

பணம் பற்றிய புத்தகங்களில் பெரும்பாலானவை முதல் அத்தியாயத்திலேயே சொல்லும் பாடம் ஒன்று உண்டு. சம்பளம் கைக்கு வந்ததும் பத்தில் ஒரு பங்கை எடுத்து ஒதுக்கி வை, மிச்சத்தில் குடும்பம் நடத்து. நல்ல பாடம்தான். இனி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தையே வைத்துக்கொள்வோம். மாதம் 20 முழுப் பேர், அதாவது 20 நாளின் முழுச் சம்பளம், விழுந்தால் 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு அவளிடமிருந்து 8 வீதம், அதாவது 2,160 ரூபா பிடிபடும். தோட்டம் 12 வீதம், 3,240 ரூபா போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 5,400. இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டத்தின் பங்கு 3 வீதம், 810 ரூபா. புத்தகம் பத்தில் ஒன்று என்கிறது. இவள் பெயரில் மாதாமாதம் ஐந்தில் ஒன்றுக்கு மேல் போய்ச் சேருகிறது. அதுவும் 1958, 1980ஆம் ஆண்டுகளின் சட்டங்கள்படி. கொழும்பில் எத்தனை கணினிப் பொறியியலாளர்கள் இந்த அளவுக்குச் சேமிக்கிறார்கள் என்று கட்டுரையாளர் ஒரு தடவை விசாரித்துப் பார்க்கட்டும்.

ஆக, சேமிப்பு இருக்கிறது. அந்தச் சேமிப்பைப் பற்றி அவளுக்குப் புரிகிற தமிழில் எழுதிய ஒரு புத்தகம்தான் இல்லை. தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, பிடித்த காசைத் தோட்டம் ஒழுங்காகக் கட்டியதா, கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் எப்படி முறைப்பாடு கொடுப்பது, பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கக்கூடிய பணத்தில் 30 வீதத்தை வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ முன்கூட்டியே எடுக்க என்ன நிபந்தனை, இதையெல்லாம் யார் சொல்வது? என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். தன் கணக்கில் இருந்த தொகை எவ்வளவு என்று வேலையை விட்ட பிறகுதான் தெரிந்துகொண்டார். எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோருக்கும் அதே கதைதான். கடையில் விற்கிற முதலீட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் சென்னையில் அச்சாகின்றன. அவற்றில் இந்திய வருமான வரிச் சலுகையும் இந்தியாவின் மியூச்சுவல் ஃபண்டும் விலாவாரியாக இருக்கும். அக்கரபத்தனைப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கூட்டு வட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் புத்தகங்கள் அதைக் கிட்டத்தட்டக் கும்பிடுகின்றன. 72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால், பணம் இரட்டிக்க எத்தனை வருடம் என்று கிடைத்துவிடும். 9 வீதம் என்றால் எட்டு வருடம். அழகான கணக்கு, உயர்தரப் பிள்ளைகளுக்குக் கடையிலேயே சொல்லிக் கொடுப்பேன். ஆனால் 2022க்குச் சேமலாப நிதி கொடுத்த வட்டி அதே 9 வீதம்தான். அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுக்கு மட்டும் எடுத்தால் 94.9. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. இருபது வருடம் ஒரு பேர் விடாமல் உழைத்துச் சேர்த்த காசின் பெறுமதி, அவள் எந்தத் தப்பும் செய்யாமலேயே கரைந்து போனது. மனநிலையை மாற்றிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காதா? அமெரிக்கச் சந்தையின் நீண்ட கால வளர்ச்சியை வைத்து எழுதிய புத்தகத்தில் இப்படி ஒரு வருடத்துக்கு இடமே இல்லை. அதை அறிமுகம் செய்கிறவராவது இந்த ஊருக்கு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நகையில் காசு போடுவது மடத்தனம், அது குட்டி போடாது என்றும் அந்தக் கட்டுரையில் இருந்தது. சரி, சாதாரண காலத்தில் அதில் நியாயம் உண்டு. செய்கூலி, சேதாரம் என்று போகும், அடகு வட்டி வேறு தின்னும். ஆனால் ரூபா விழுந்த அந்த வருடத்தில், நிலையான வைப்பில் போட்டவரைவிட ஒரு சோடித் தோடு வைத்திருந்தவளே தப்பித்தாள். தங்கத்தின் விலை டொலரோடு போகிறது. எங்கள் கிழவிகளுக்கு அந்தப் பாடத்தை யாரும் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. லயத்துச் சீட்டும் அப்படித்தான். பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் ஒருத்தி எடுக்கிற சீட்டில் வட்டி கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம், குடிக்கும் கைக்குக் காசு போகாமல் தடுத்துவிடுகிறது. மேல்நாட்டுப் பொருளியல் அறிஞர்கள் இதைத் தனியாக ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். நம் பத்திரிகைகளில் மட்டும் அது பழைய பழக்கமாகவே இருக்கிறது.

மனம் பற்றிய புத்தகங்களுக்கு வருவோம். இவற்றில் அடிக்கடி வரும் கதை ஒன்று உண்டு. வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சின்னப் பிள்ளைகள் முன்னால் ஓர் இனிப்பை வைத்தார். இப்போது தின்னாமல் பொறுத்திருந்தால் பிறகு இரண்டு தருவதாகச் சொன்னார். பொறுத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் நன்றாக வந்தார்களாம். ஆகவே பொறுமையே வெற்றி. உங்கள் கட்டுரையும் இதைச் சொல்லித்தான் மலையகத்துக்குப் புத்தி சொல்கிறது. அந்தக் கதைக்குப் பிற்பகுதி இருக்கிறது. 2018இல் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்து மீண்டும் பார்த்தார்கள். பொறுமைக்கும் பின்னாளைய படிப்புக்கும் இருந்த தொடர்பு பாதி அளவே தெரிந்தது. குடும்பத்தின் நிலைமை போன்றவற்றையும் கணக்கில் எடுத்தபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது 2013இல் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சிறிய ஆய்வு. மொத்தம் 28 பிள்ளைகள். முதலில், நல்ல வர்ணப் பென்சில் கொண்டுவருகிறேன் என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். மற்றப் பாதியிடம், இல்லையாம் என்று வெறுங்கையோடு வந்தார். பிறகுதான் இனிப்புச் சோதனை. சொன்னது நடந்ததைக் கண்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். அவர்களுக்குப் பொறுமை இல்லாமல் இல்லை, வராது என்று தெரிந்ததற்கு அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? ஏழு பேர்ச் காணி வருகிறது, வீடு வருகிறது என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்ட வீட்டில் வளரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 1,000 ரூபா நாட்சம்பளம் பல வருடப் பேச்சுக்குப் பிறகு 2021இல் வர்த்தமானியில் வந்தபோது, அந்த 1,000 ரூபாவுக்கு முதலில் கேட்ட காலத்து மதிப்பு இருக்கவில்லை. தீபாவளி முற்பணத்தை வாங்கிய கையோடு செலவழிக்கிறார்கள் என்று குறை சொல்கிறவர்கள் இந்த ஆய்வையும் படிக்கட்டும்.

புத்தகங்கள் கெட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றை விற்றுத்தானே, பாடசாலைக் கொப்பிக்கு அடுத்தபடியாக, என் அடுப்பு எரிகிறது. உளவியலாளர் டேனியல் கானமன் 2011இல் எழுதிய புத்தகத்தை இன்றைக்கும் விவரமானவர்களுக்கு நானே எடுத்துக் கொடுப்பேன். ஆனால் அதில், கண்ணில் படும் ஒரு சொல் நம்மை அறியாமலேயே நடத்தையை மாற்றும் என்று வரும் அத்தியாயத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துப் படியுங்கள் என்றும் சொல்வேன். அந்த ஆய்வுகளில் பல மறுசோதனையில் நிற்கவில்லை. சிறிய ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017இல் கானமனே ஒப்புக்கொண்டார். இந்த ஒரு செய்தியை உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தின் மேல் மரியாதை கூடித்தான் இருக்கும்.

இன்னொரு வகை வாடிக்கையாளரும் வருகிறார்கள். கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு தம்பிமார், ஒரே புத்தகத்தில் முப்பது பிரதி கேட்பார்கள். மண்டபத்தில் கூட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்து, பணக்காரரைப் போல யோசிக்கச் சொல்லி, அப்புறம் ஆள் சேர்க்கச் சொல்வார்கள். "அக்கா, நீங்களும் அஞ்சு பேரைச் சேத்தா போதும்" என்று என்னிடமே சொன்னார்கள். நான் கல்குலேட்டரை எடுத்து ஐந்தை ஐந்தால் பெருக்கிக்கொண்டே போகச் சொன்னேன். பதினோராவது படியில் 4 கோடி 88 லட்சம் வந்தது. 2024 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டின் மொத்தச் சனத்தொகையே ஏறக்குறைய 2 கோடி 17 லட்சம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகளைச் சேர்த்தாலும் ஆள் போதாது. இத்தகைய பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம் என்று மத்திய வங்கி தமிழிலும் விளம்பரம் போடுகிறது. புத்தகப் பகுதியில் அது ஒருநாளும் வந்ததில்லை. அதேபோல, அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ மூடப்பட்டால் ஒரு வைப்பாளருக்கு 11 லட்சம் ரூபா வரைதான் காப்புறுதி என்பதும் வந்ததில்லை. கூடுதல் வட்டி தருகிறோம் என்று வாசலுக்கு வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

விஞ்ஞானப் புத்தகங்களில் விண்வெளிதான் அதிகம் விற்கிறது. விற்கட்டும். ஆனால் 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்து நவம்பரில் திரும்பப் பெற்றார்களே, அந்த ஏழு மாதத்தில் நுவரெலியா லீக்ஸ் பாத்திகளுக்கு என்ன நடந்தது, தேயிலைக்கு நைதரசன் ஏன் தேவை, காற்றில் 78 வீதம் இருந்தும் செடியால் அதை ஏன் நேரடியாக எடுக்க முடியாது என்று விளக்கும் ஒரு மெலிந்த புத்தகத்தைக் கேட்டு வந்த விவசாயிகளுக்கு என்னிடம் கொடுக்க ஒன்றுமே இருக்கவில்லை. மண்சரிவும் அதே போல்தான். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணில் புதைந்த பிறகும் அதைப் பற்றித் தமிழில் கேட்பவர்களுக்கு நான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் துண்டுப் பிரசுரத்தைத்தான் தேடுகிறேன்.

விலையும் ஒரு விஷயம். இந்திய ரூபா ஒன்று நம் காசில் மூன்றுக்கு மேல். சென்னையில் 400 ரூபா போட்ட புத்தகம், ஏற்றுக்கூலியும் சேர்ந்து என் தட்டுக்கு வரும்போது மேலே சொன்ன 1,350 ரூபா நாட்சம்பளத்தைத் தாண்டிவிடுகிறது. அதை வாங்குகிற பிள்ளைக்குச் சேமிப்பின் அருமை தெரியாது என்று சொன்னால் எப்படி?

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. இனி இந்த வகைப் புத்தகத்தை அறிமுகப்படுத்தும்போது, அது எந்த நாட்டில் எந்த வருடத்தில் எழுதப்பட்டது, அதிலுள்ள ஆய்வுகள் இன்றும் நிற்கின்றனவா, அதன் கணக்கு நம் வங்கிப் புத்தகத்துக்குப் பொருந்துமா என்று இரண்டு மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். அதோடு, ஓய்வு பெற்ற தொழில் அதிகாரி ஒருவரைப் பிடித்து, சேமலாப நிதிக் கணக்கைப் பார்ப்பது எப்படி, பணம் எடுப்பது எப்படி என்று நாலு வாரம் எழுத வையுங்கள். அந்த நாலு வாரமும் வழக்கத்தைவிட ஐம்பது பிரதி கூடுதலாக எடுக்கிறேன், எனக்குக் கழிவு வேண்டாம். எந்த ஞாயிறு தொடங்குகிறது என்பதை மட்டும் உங்கள் முகவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு புத்தகக் கடைக்காரி,
ஹட்டன்.