கண்ணைக் கசக்காதே பாப்பா

பாப்பா,

தம்பிதான் சொன்னான், நீ கண்ணுக்கு லேசர் பண்ண தேதி வாங்கிட்டேன்னு. அவனைத் திட்டாதே, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். உன் சம்பளம், உன் கண்ணு, நான் கேக்க வரல. அம்மாவுக்கு முட்டிவலி பரவால்ல. மத்ததெல்லாம் அப்புறம் எழுதறேன்.

ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சேன். கருவிழி, அதான் கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கற கார்னியா, நடுவுல சுமாரா 540 மைக்ரான் கனம்தானாம், அரை மில்லிமீட்டர். லாசிக்னு சொல்ற இந்த லேசர் ஆபரேஷன்ல அதுக்கு மேல 110 மைக்ரானுக்கு ஒரு மூடி அறுத்து, ஒரு ஓரத்தை மட்டும் விட்டு நோட்டு அட்டை மாதிரி புரட்டி வெச்சுட்டு, அடியில லேசரால செதுக்கறாங்க. உன்னை மாதிரி கிட்டப்பார்வைக்கு நடுவுல எடுத்து தட்டையாக்கினா, விழித்திரைக்கு முன்னாடியே விழுந்துட்டிருந்த பிம்பம் சரியா அது மேல போய் விழும். 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிராம், பக்கத்து சதை வேகாதாம், ஒரு தடவை பட்டா கால் மைக்ரான்தான் போகும். 1981ல ஐபிஎம்ல இதைக் கண்டுபிடிச்ச மூணு பேர்ல ஒருத்தர் சென்னை யூனிவர்சிட்டியில படிச்ச ஸ்ரீனிவாசன், விருந்துல மிஞ்சின வான்கோழியில அடிச்சுப் பாத்திருக்காங்க! இதை உனக்குச் சொல்லணும்னு போனை எடுத்தேன், அப்புறம் வெச்சுட்டேன்.

எனக்கு பயம் கணக்குலதான். ஒரு பவருக்கு 15 மைக்ரான் வெச்சாலும் உன் ஆறுக்கு 90 போயிடும், மூடிக்கு 110, மீதி 340 நிக்கும், சரி. ஆனா உன் கருவிழி 490ஆ இருந்தா? அடியில 300ஆவது இருந்தா நல்லதுங்கறாங்க. செதுக்கினது திரும்ப வளராது பாப்பா. டாப்போகிராஃபி, அதான் கருவிழி வடிவத்தைப் பாக்கற ஸ்கேன், எடுத்தாங்களா? கண்ணைக் கசக்கற பழக்கம் இருக்கறவங்களுக்கு கருவிழி கூம்பு மாதிரி தள்ளிக்கற வியாதி வரலாமாம், அது இருந்தா லாசிக் பண்ணவே கூடாது. நீ கசக்குவே. பரீட்சை சமயத்துல ரெண்டு முஷ்டியாலயும் தேய்ப்பியே. காண்டாக்ட் லென்ஸையும் முன்னாடியே நிறுத்தியிருக்கணும், அது கருவிழி வடிவத்தையே மாத்திடுமாம், போட்டுட்டே போய் ஸ்கேன் எடுத்திருந்தா திரும்ப எடுக்கச் சொல்லு. கசக்காதே.

ஆபீஸ்ல அத்தனை பேரை வெச்சு வேலை வாங்கறவளுக்கு இதெல்லாம் தெரியாதான்னு அம்மா கேக்கறா. தெரியும்தான். அப்பனுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு மட்டும் தெரியல.

இல்ல, அப்படி எழுதியிருக்கக் கூடாது. அந்தப் போட்டோவுக்கு கண்ணாடியக் கழட்டுன்னு சொன்னது நான்தான். நீ ஒண்ணும் பேசாம கழட்டி கையில மூடி வெச்சுக்கிட்டே, கேமரா எங்க இருக்குன்னு தெரியாம என் தோளுக்குப் பின்னாடி பாத்துட்டு நின்னே, நான் இங்க பாரு இங்க பாருன்னு கத்தினேன். அதுக்காகத்தான் இப்ப பண்றியா? உனக்கே வேணும்னா பண்ணு. எனக்காகவோ வர்றவனுக்காகவோன்னா வேண்டாம்மா, கண்ணாடியே இருக்கட்டும்.

ஸ்கேன் பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பு, அந்த கனம் எழுதியிருக்கற நம்பரை மட்டும் பாக்கறேன். பண்ணினப்புறமும் கசக்காதே, மூடி நகந்துடும்.

அப்பா